டச்சப் அக்கா எடுத்த காயங்கள்

பால் வண்டிக்காரரின் இடது கன்னத்தில் ஏழு தையல் போட்டிருந்த வெட்டுக்காயம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, பஸ் நிலையத்துக்கு எதிரே அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தையலோடு சேர்ந்து காணாமல் போனது. முதலில் காயத்தைச் சுற்றி எறும்புச் சாரை ஊர்வதுபோல இருந்தது என்று அவர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். தட்டிவிடக் கையைக் கொண்டுபோனவர், வழவழவென்று இருந்த கன்னத்தைத் தொட்டுவிட்டு டம்ளரைக் கீழே போட்டார். டம்ளருக்காகத் திட்ட வாயெடுத்த டீக்கடைக்காரர் அந்த முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த வாரம் பஸ் நிலையத்தில் குடிநீர்க் குழாய் உடைந்து கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றிருந்ததால் ஊருக்கு அதுவே பெரிய பேச்சு. கன்னத்தைப் பற்றி இரண்டு நாள் கழித்துத்தான் பேச ஆரம்பித்தார்கள்.

பால் வண்டிக்காரர் அன்று காலைதான் கடைவீதி முக்கிலிருக்கும் ஸ்டுடியோவில் படம் எடுத்திருந்தார். சங்கத் தேர்தலில் நிற்கிறார், நோட்டீஸில் போட முகம் வேண்டும். "ஆதரவு கேக்கப் போற மூஞ்சிம்மா. வெட்டு வாங்குன மூஞ்சி மாதிரி இருந்தா எவன் கை தூக்குவான்?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். போன வாரம் தேர்தல் தகராறில் எதிரணிக்காரன் பால் கேன் மூடியால் வெட்டிய வெட்டு அது. ஸ்டுடியோவில் படம் எடுப்பது கணவர், கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படத்தைத் திருத்துவது மனைவி. ஊரே அவளை டச்சப் அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள். நீலத் துணி ஒன்று, வெள்ளைத் துணி ஒன்று, இரண்டு குடை விளக்குகள், தலை சீவ ஒரு கண்ணாடி, சீப்பு காணாமல் போகாமலிருக்க ஆணியில் கட்டிய ஒரு கயிறு. உள்ளே தடுப்புப் பலகைக்குப் பின்னால் அவளுடைய மேசை. அவள் வேலை இவ்வளவுதான்: படத்தில் எந்த இடம் சரியில்லையோ அந்த இடத்தை மட்டும் சுற்றி ஒரு கோடு போடுவாள். கோடு துண்டு துண்டாகி எறும்புபோல ஊர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் வெளிச்சத்தைக் கூட்டுவாள், சிவப்பைக் குறைப்பாள், பக்கத்துத் தோலின் நிறத்தைக் கொண்டுவந்து நிரப்புவாள், ஓரம் தெரியாமல் இளக்கிவிடுவாள். கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளிகூட மாறாது. கல்யாணமான புதிதில் கணவர் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: "மூலப் படத்துல கை வைக்காத. மேல ஒரு லேயர் போட்டு, அதுல செய்." கண்ணாடித் தாளை விரித்து அதன்மேல் வரைவதுபோல. அவள் பதினொரு வருஷமாக அப்படித்தான் செய்துவந்தாள்.

பால் வண்டிக்காரர் தேர்தலில் ஜெயித்தார். அதன்பிறகு ஸ்டுடியோ வாசலில் கூட்டம் நிற்க ஆரம்பித்தது. ஒருவர் மூக்கை நேராக்கச் சொன்னார், படத்தில் நேரானது, ஆளுக்கு ஆகவில்லை. அம்மைத் தழும்பு போகவில்லை. மச்சம் போகவில்லை. கருப்பு நிறத்தைச் சிவப்பாக்கச் சொன்ன இரண்டு பேரை அவளே திட்டி அனுப்பினாள். சைக்கிளிலிருந்து விழுந்த சிராய்ப்பும், குக்கர் வெடித்த புண்ணும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒருவர் கையால் இன்னொருவருக்கு உண்டான காயம் மட்டும்தான் போனது என்பது ஊருக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. அதைப் புரியவைத்தவள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரின் மனைவி. படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லிக் கன்னத்து வீக்கத்தோடு வந்தாள். வீக்கம், அவள் ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, வரிசையில் நின்ற பதினாலு பேர் கண்முன்னால் வற்றிப்போனது. பதினாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, "படி நல்லாத்தான் இருக்கு, நான்தான் பொய் சொன்னேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரத்துக்குப் பிறகு ஊரில் பல ஆண்கள் தங்கள் மனைவிமார் படம் எடுத்துக்கொள்வதை விரும்பவில்லை.

இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். காயம் போகும், வலி போகாது. அது ஆற வேண்டிய நாள்வரை உள்ளே இருந்து ஆறும். படத்தில் தெரிவது எதுவோ அது மட்டும்தான் போகும். உடைந்த விலா எலும்பு உடைந்தபடியே இருக்கும், மேலே தோல் மட்டும் குழந்தைத் தோல்போல இருக்கும்.

மூன்றாம் வருஷம் ஓட்டுத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வந்தது. சூளை ஆறுவதற்கு நான்கு நாள் வேண்டும். இரண்டாம் நாளே ஆட்களை உள்ளே அனுப்பி ஓடுகளை எடுக்கச் சொன்னார்கள். ஒரே மாதத்தில் மூன்று பேர் உள்ளேயே விழுந்தார்கள், அதில் ஒருவருடைய செருப்பு தரையோடு உருகி ஒட்டியிருந்தது. நானூறு பேர் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை எழுப்புவதற்காக வெளியூரிலிருந்து ஒரு காவல் அதிகாரி மாற்றலாகி வந்தார். மெலிந்த ஆள், குரலை உயர்த்திப் பேசமாட்டார், எல்லோரையும் வாங்க போங்க என்பார். வந்த முதல் வாரத்திலேயே ஆறு பேரைப் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார். அங்கே ஒரு சட்டம் இருந்தது: பிடித்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தும்போது உடம்பில் அடித்த தடம் இருக்கக்கூடாது, நீதிபதி சட்டையைக் கழற்றிப் பார்ப்பார். அதனால் அந்த ஆறு பேரையும் ஜீப்பில் ஏற்றி, வழியில் ஸ்டுடியோவில் இறக்கினார்.

டச்சப் அக்கா அவர்களைப் பார்த்தாள். ஒருவருக்கு முதுகு முழுக்கத் தோல் உரிந்திருந்தது. ஒருவர் உள்ளங்காலைத் தரையில் வைக்க முடியாமல் முழங்காலால் நடந்து வந்தார். "நான் செய்யமாட்டேன் சார்" என்றாள். அதிகாரி கோபப்படவில்லை. "யோசிச்சு சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரை அழைத்துக்கொண்டு போனார். மறுநாள் மதியம் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். கணவரின் கீழுதடு இரண்டாகப் பிளந்திருந்தது, இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துவரை காய்ந்திருந்தது, தொடைகளில் லத்தியின் நுனி வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தது. அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்ப இவரையே படம் எடுங்க. எவ்வளவு நேரம் ஆகும்?" அவள் கோடு போட்டாள். நாற்பது நிமிஷம் ஆனது. அதன்பிறகு அந்த ஆறு பேரும் வந்தார்கள்.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. நீலத் துணிக்கு முன்னால் ஆள் சட்டையில்லாமல் நிற்பார், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இரண்டு படம். கணவர் எடுப்பார், அவள் திருத்துவாள், ஒரு கான்ஸ்டபிள் தடுப்புப் பலகையில் சாய்ந்துகொண்டு பேப்பர் படிப்பார். புத்தம்புதுத் தோலோடு நீதிமன்றத்துக்குப் போனவர்கள், நீதிபதி காவல் நீட்டிப்புக் கொடுத்ததும் அதே தோலோடு காவல் நிலையத்துக்குத் திரும்பினார்கள். ஊர் அந்த அதிகாரிக்கு டாக்டர் என்று பெயர் வைத்தது. அவர் கைக்குப் போனவர்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் வருகிறார்களே, அதனால். அதன்பிறகு உண்மையிலேயே காய்ச்சல் வந்தவர்கள்கூட டாக்டரிடம் போகிறேன் என்று சொல்வதை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லப் பழகினார்கள். மொத்தம் இருநூற்றுப் பதினாலு பேர். அவள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வைத்து, ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு லேயர் போட்டிருந்தாள். ஏன் அவ்வளவு ஒழுங்காகச் செய்தாள் என்று பிறகு கேட்டவர்களுக்கு, "வேற எப்படிச் செய்யறதுன்னு எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னாள்.

அவளுடைய தம்பி சூளை வேலைக்காரன். தாய் இறந்தபோது அவனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினாறு, குளிப்பாட்டியதும் சோறு ஊட்டியதும் அவள்தான். வேலைநிறுத்தத்தின் இரண்டாம் வருஷம் அவனைப் பிடித்தார்கள். முதல் தடவை அவன் நீலத் துணிக்கு முன்னால் நின்றுகொண்டு சிரித்தான். "நல்லா அழகா எடு அக்கா, பொண்ணு பாக்க அனுப்பணும்" என்றான். நெஞ்சில் சிகரெட்டால் சுட்ட பதினாறு வட்டங்கள் இருந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். எட்டு நாள் கழித்து இரண்டாம் தடவை வந்தபோது அதே பதினாறு வட்டங்கள் அதே இடத்தில் இருந்தன, கூடவே கைகள் பின்னுக்கு முறுக்கப்பட்டு அக்குளில் தோல் கிழிந்திருந்தது. அவன் சிரிக்கவில்லை. அவள் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நீ அழிக்க அழிக்க அவனுக்கு எடம் கெடைக்குது." அவள் கை நின்றது. கான்ஸ்டபிள் பேப்பரை மடித்தார். அவள் மீதியையும் எடுத்து முடித்தாள்.

மூன்றாம் தடவை அவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்த்தார்கள். ஒரு கண் இல்லை, அதாவது இருந்ததா என்று தெரியாதபடி வீங்கியிருந்தது. விரல் நகங்கள் நான்கு இல்லை. மூச்சு விடும்போது வலதுபக்க நெஞ்சு மேலே எழும்பவில்லை. அவள் மேசையை விட்டு எழுந்து வந்து, "முடியாது. என்னையும் சேர்த்துக் கொன்னுடுங்க" என்றாள். டாக்டர் வழக்கம்போல நிதானமாகவே பேசினார்.

"கோபப்படாதீங்கம்மா. இதோட நான் இவரைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. நீங்க சுத்தம் பண்ணினா பத்து நிமிஷத்துல கோர்ட்டு. இன்னைக்கு ஜாமீன் கெடைக்கலாம். இல்லன்னா ஸ்டேஷனுக்குத்தான் திரும்பிப் போகணும். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினானா, தலை தானாக ஆடியதா என்று அவளால் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை. உட்கார்ந்தாள். நாற்பத்தோரு காயம், நாற்பத்தோரு லேயர். வீக்கம் வற்றிக் கண் திறந்தது, நகங்கள் வந்தன, உதடு சேர்ந்தது. ஜீப் கிளம்பிப் போய்க் கடைவீதியைத் தாண்டி, ரயில்வே கேட் மூடியிருந்ததால் நின்றது. கேட் திறப்பதற்குள் அவன் இறந்துபோனான். ஆஸ்பத்திரி வைத்தியர் துணியை விலக்கிப் பார்த்து, உடலில் காயம் ஏதுமில்லை, இதயம் நின்றதால் மரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் பொய் எழுதவில்லை. அவ்வளவு அழகான பிணத்தை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

புதைத்துவிட்டு வந்த ஒன்பதாம் நாள் அவள் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்றுதான் போனாள். கணவரின் கோப்பைத் திறந்தாள். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம் இருக்கும். அதை அமுக்கினால் கண் மூடிக்கொள்ளும், அந்த லேயர் மறையும், அடியில் இருக்கும் மூலப் படம் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் அவள் வாடிக்கையாளரின் லேயரை மூடிப் பார்த்ததில்லை, அதற்கு அவசியம் இருந்ததில்லை. அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று உதட்டுக் கண்ணை மூடினாள். சமையலறையில் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். கணவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், விரல் இடுக்கில் ரத்தம் ஒழுகிச் சோற்றில் சொட்டியது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய உதடு, அதே இடத்தில், அன்றைக்கே பிளந்ததுபோல.

"ஐயோ, இருங்க, எடுத்துடறேன், இப்பவே எடுத்துடறேன்" என்று அவள் மேசைக்குத் திரும்பினாள். அவர் பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்தார். பேச முடியாமல் பேசினார். "எடுக்காத. இருக்கட்டும். மத்ததையும் தொற." அவள் திறக்கவில்லை, மூடினாள், ஆனால் சொன்னது புரிந்தது. கண்ணை மூட மூட அவர் காதிலும் தொடையிலும் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் வந்து முடிந்ததும் அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். வலியால் அழுதார். ஆனால், "இப்பத்தான் எனக்கு நடந்தது நடந்த மாதிரி இருக்கு" என்றார்.

தம்பியின் சாவைப் பற்றி விசாரிக்க வெளியிலிருந்து ஒரு நீதிபதி வருவதாக இருந்தது. அதற்கு முன்பிருந்த ஏழு வாரத்தில் அவள் வீடு வீடாகப் போனாள். கதவைத் தட்டி, யாரென்று சொல்லி, கேட்பாள்: உங்க காயம் என்கிட்ட இருக்கு, திருப்பித் தரட்டுமா? சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் அவள் முகத்தில் துப்பினார், துப்பிவிட்டுச் சரி என்றார். வாங்கியதை இரண்டாம் தடவை வாங்க வேண்டியிருக்கும், அதே வலி, அதே ரத்தம் என்பதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. நூற்று முப்பத்தோரு பேர் ஒப்புக்கொண்டார்கள். இருபத்தைந்து பேர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள் அல்லது உயிரோடு இல்லை. ஐம்பத்தெட்டு பேர் வேண்டாம் என்றார்கள்.

வேண்டாம் என்றவர்களில் ஒருத்தி மார்க்கெட் தெருத் தையல்காரி. வேலைநிறுத்தக்காரர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனதற்காக அவளைப் பிடித்து மூன்று நாள் வைத்திருந்தார்கள். வலது கன்னத்தில் பூட்ஸின் அடித்தடம் வரி வரியாகப் பதிந்திருந்தது. அது தவிர வேறு தடங்களும் இருந்தன, அவற்றைப் படமெடுக்கும்போது டச்சப் அக்காவின் கணவர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். விடுதலையாகி வந்தபிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கணவனுக்கு எதுவும் தெரியாது. டச்சப் அக்கா போனபோது மிஷினை நிறுத்தாமலேயே பேசினாள்.

"மூணு நாளுங்க. அந்த மூணு நாளை நான் துணிக்குள்ள வெச்சுத் தைக்கிற மாதிரி உள்ள வெச்சுத் தைச்சுட்டேன். பிரிக்காதீங்க."

"உங்க வாக்குமூலம் ரொம்ப முக்கியம்மா."

"உங்களுக்கு முக்கியம். உங்க தம்பி செத்தாரு, நான் அழுதேன். ஆனா என்னுது என்னுதுதான். தொடமாட்டேன்னு சொல்லுங்க."

"தொடமாட்டேன்" என்று டச்சப் அக்கா சத்தியம் செய்தாள். அந்த ஐம்பத்தெட்டுக் கோப்புகளையும் தனியாக ஒதுக்கிவைத்தாள். தம்பியின் கோப்பையும் அவற்றோடு சேர்த்தாள். அவனிடம் கேட்க வழியில்லை, கேட்காமல் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

விசாரணை நாளன்று நூற்று முப்பத்தோரு பேரும் சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு நீதிமன்றக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கு டச்சப் அக்காவின் கணவர் போர்வை கொண்டுவந்து கொடுத்திருந்தார். பதினொரு மணிக்கு, அரை மைல் தள்ளி ஸ்டுடியோவில், அவள் கண்களை ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்தாள். கூடத்தில் முதலில் எல்லோரும் எறும்பு கடித்ததுபோல நெளிந்தார்கள். பிறகு ஒரு கிழவரின் முதுகு மேலிருந்து கீழாக உரிந்தது. ஒருவருக்கு உள்ளங்கால்கள் வெடித்தன. பற்கள் தரையில் விழுந்து உருண்டன. யாரும் கத்தக்கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள், அதனால் துணியைக் கடித்துக்கொண்டு முனகினார்கள். நூற்று முப்பத்தோரு பேர் ஒன்றாக முனகிய அந்தச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ரத்தம் தரையின் சரிவைப் பார்த்து ஓடி, சாட்சிக் கூண்டு இருந்த பக்கம் தேங்கியது. கூண்டில் டாக்டர் நின்றிருந்தார். பூட்ஸை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். நீதிமன்ற எழுத்தர் மயங்கி விழுந்தார், வேறொரு எழுத்தர் வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து எழுதினார். இரண்டு பேர் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். அவர்கள் இருவருக்கும் இறந்துபோவோம் என்று தெரிந்திருந்தது, அவளிடம் சொல்லியும் இருந்தார்கள்.

ஆனால் டாக்டரின் வக்கீல் கெட்டிக்காரர். சம்பவம் நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்கிறார்கள், காயமோ இன்று காலை உண்டானது, இன்று காலை என் கட்சிக்காரர் உங்கள் கண்முன்னால் நின்றுகொண்டிருந்தார் என்றார்.  இறந்துபோன தம்பியின் உடம்பில் காயமே கிடையாது என்ற வைத்தியர் சீட்டையும் நீட்டினார். நீதிபதி டாக்டரைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்துவிட்டு, விசாரணையை ஒரு வாரம் தள்ளிவைத்தார்.

நான்காம் நாள், கடைகள் மதியச் சாப்பாட்டுக்கு மூடியிருந்த நேரத்தில், டாக்டர் சீருடையில்லாமல் மூன்று பேரோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். கட்டுப்போட்ட காலோடு எழுந்து குறுக்கே நின்ற கணவரின் முழங்காலில் இரும்புக் கம்பி விழுந்தது. குடை விளக்குகள் நொறுங்கின. டச்சப் அக்காவைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் இரண்டு தடவை மோதினார்கள். அதிகாரிக்கு அப்போதும் குரல் உயரவில்லை. "எல்லாம் இதுக்குள்ளதானே இருக்கு?" என்று கேட்டார். அவள், "வேண்டாம் சார், அதை ஒடைக்காதீங்க, வேண்டாம்னு சொன்னவங்களுக்காகக் கேக்கறேன், ஒடைக்காதீங்க" என்று காலைப் பிடித்தாள். சாட்சியை அழிக்கிறோம் என்பதற்காகக் கெஞ்சுகிறாள் என்று அவர் நினைத்தார். கம்பியைத் தானே வாங்கி, கம்ப்யூட்டரை மூன்றே அடியில் உடைத்தார். உள்ளேயிருந்த தட்டை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அது தூளாகும்வரை அடித்தார்.

அதற்குள் போட்டு வைத்திருந்த லேயர்கள் எல்லாம் அத்தோடு இல்லாமல் போயின. மூடிய கண், திறந்த கண் என்ற வித்தியாசமே இல்லாமல் போனது. ஐம்பத்தெட்டு பேருக்கும், ஊரை விட்டுப் போயிருந்தவர்களுக்கும் இருந்த இடத்தில் இருந்தபடி வந்தன. ஒருவர் ஓடும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார், அவர் விரல் நகங்கள் டிக்கெட்டோடு பயணியின் கையில் போயின. ஒருவர் வேறொரு ஊரில் மருமகன் வீட்டில் சாய்வு நாற்காலியில் இருந்தார், நாற்காலித் துணி முழுக்க நனைந்தது. பால் வண்டிக்காரரின் கன்னத்துக் காயம்கூடத் தையலோடு திரும்பி வந்தது. தலைமையாசிரியரின் மனைவிக்கு வீக்கம் வந்தது, ஆனால் அவள் அதற்கு வெகுநாள் முன்பே அந்த வீட்டை விட்டுப் போயிருந்தாள். தையல்காரி ஒரு பெண்ணுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பூட்ஸ் வரிகள் ஒவ்வொன்றாக எழும்புவதை எதிரே இருந்த கண்ணாடியில் அவளே பார்த்தாள். மற்றவையும் வந்தன. புடவையை நனைத்துக்கொண்டு கீழே வழிந்தது. அளவு கொடுக்க வந்த பெண் அலறிக்கொண்டு ஓடினாள். தையல்காரி சிறிது நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை எடுக்காமலேயே தெருவில் இறங்கி, ஸ்டுடியோவுக்கு நடந்தாள்.

அங்கே உடைந்த கண்ணாடிக்கு நடுவில், மண்டையில் ரத்தம் வழிய, டச்சப் அக்கா உட்கார்ந்திருந்தாள். டாக்டரும் ஆட்களும் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. தையல்காரி அவர்களைப் பார்க்கவில்லை.

"கேட்டுட்டுத்தானே போனீங்க? தொடமாட்டேன்னு சொன்னீங்களே?" என்றாள்.

டச்சப் அக்கா ஒடிந்த விரலால் வாசலைக் காட்டினாள். தையல்காரி திரும்பினாள். டாக்டர் கையில் இன்னும் கம்பி இருந்தது. மார்க்கெட் தெருவிலிருந்து அவள் பின்னாலேயே வந்த ஜனம் அதற்குள் கடைவீதியை நிறைத்திருந்தது. கறிக்கடைக்காரர், மூட்டை தூக்குபவர்கள், சாப்பாட்டுக் கையைக் கழுவாமல் எழுந்து வந்தவர்கள். அன்று அந்த நான்கு பேருக்கும் கிடைத்த அடியை எழுத்தில் வைக்க முடியாது. மூன்று பேர் செத்தார்கள். டாக்டரைச் சாகவிடக் கூடாது என்று தையல்காரி குறுக்கே நின்று தடுத்தாள். "இவன் சாகக்கூடாது. இவன் கூண்டுல நிக்கணும், நான் எதிர்ல நிக்கணும்" என்று அவள் கத்தியதால் ஒரு கையும் ஒரு காதும் போனதோடு அவர் பிழைத்தார்.

இந்தத் தடவை வக்கீலுக்கு வழியில்லாமல் போயிற்று. இவ்வளவு பேருக்கும் ஒரே நொடியில், ஐந்து ஊர்களில், இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதியிட்ட காவல் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருந்ததைத் தவிர வேறு எந்தத் தொடர்பும் இல்லாமல் காயம் வந்திருந்தது. விசாரணை மீண்டும் தொடங்கிய அன்று இடுகாட்டுக்காரர் வந்து, மூணாவது வரிசையில ஒரு குழி நாலு நாளா ஈரமா இருக்கு, மழை பெய்யலை, தண்ணியும் விடலை என்று சொன்னார். நீதிபதியே போய் நின்று தோண்டச் சொன்னார். தம்பி கெடாமல் கிடந்தான். நாற்காலியில் சாய்த்து வைத்தபோது எப்படி இருந்தானோ அப்படி, ஒரு கண் வீங்கி, உதடு பிளந்து. முன்பு சீட்டு எழுதிய அதே வைத்தியர் குழி ஓரத்தில் மண்டியிட்டு எண்ணினார். நாற்பத்தொன்று. எண்ணி முடித்துவிட்டு முன்பு எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிக் கிழித்தார். டச்சப் அக்கா கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். தம்பியின் முகத்தை அவன் முகமாகப் பார்த்து அவளுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. குனிந்து, காயம் இல்லாத ஒரு இடத்தைத் தேடி, காதுக்குக் கீழே தொட்டாள்.

தையல்காரி நான்கு மணி நேரம் சாட்சி சொன்னாள். டாக்டருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பதினொரு வருஷம் சிறையில் இருந்து சிறுநீரகம் கெட்டுச் செத்தார். தையல்காரியின் கணவன் ஒரு மாதம் அவளோடு பேசாமல் இருந்து, பிறகு ஒரு நாள் பேசினான். அவள் டச்சப் அக்காவை மன்னிக்கவில்லை. தெருவில் எதிரே பார்த்தால் மறுபக்கம் போய்விடுவாள். டச்சப் அக்காவும் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டாள். சூளையை நான்கு நாள் ஆறவைக்க வேண்டும் என்று தொழிற்சாலை வாசலில் போர்டு வைத்தார்கள், பெரும்பாலும் ஆறவைத்தார்கள்.

ஸ்டுடியோவில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதிலும் அது நடக்குமா என்று அவளும் பார்க்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. அவள் இப்போது ஆளைச் சுற்றிக் கோடு போட்டு, கோட்டுக்கு உள்ளே என்பதை வெளியே என்று திருப்பிப் போட்டுவிட்டு, ஆளுக்கு வெளியே இருப்பதை மட்டும் சரி செய்கிறாள். துணியின் சுருக்கம், சுவரின் நிழல், வெளிச்சம் போதாத மூலை. முகம் எப்படி வந்ததோ அப்படியே போகும்.

காயங்கள் இந்த முறை முறைப்படி ஆறின, தழும்பு விட்டன. அதில் வந்த ஒரே தொந்தரவு அரசு அலுவலகத்துக்குத்தான். விண்ணப்பப் படிவத்தில் அங்க அடையாளங்கள் என்ற இடத்துக்கு இரண்டு வரிதான் விட்டிருப்பார்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு எழுத்தர், ஒரு ஆளுக்கு இத்தனை அடையாளமா என்று கேட்டு முதல் நாள் இருபது படிவங்களைத் திருப்பி அனுப்பினார். மறுநாள் அந்த இருபது பேரும் வந்து வரிசையில் நின்று, சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்கள். இப்போது அந்த ஊரில் படிவத்தோடு சேர்த்தே ஒரு வெள்ளைத் தாளும் ஒரு குண்டூசியும் கொடுக்கிறார்கள்.